கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடமும்

யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சி முடித்துக் கடல் கடந்த நம்மில் பலர் இன்னொரு பரீட்சையும் எழுத வேண்டியிருந்தது. கனடாவிலும் அமெரிக்காவிலும் என்கிளெக்ஸ் என்ற தாதியர் உரிமத் தேர்வு. இங்கிலாந்தில் கணினித் தேர்வும் ஒஸ்கி என்ற செய்முறைத் தேர்வும். அதற்கென்று விற்கும் மீட்டல் புத்தகங்கள் உடம்பை இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கும். நமது விடுதிகளில் பாடம் அப்படி வரவில்லை. ஒரு கட்டிலில் நாலு தொகுதியும் சேர்ந்தே கிடந்தன.

பாம்புக்கடியை எடுங்கள். கண்ணாடிப் புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தவரின் குருதி உறைகிறதா என்று அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. உலர்ந்த, சுத்தமான புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லீ. நாளக் குருதி எடுத்து, அறை வெப்பநிலையில் 20 நிமிடம் அசைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தரம் சரிப்பது. தண்ணீர்போல ஓடினால் உறையவில்லை. விஷமுறிவு மருந்துக்கு ஆயத்தமாக வேண்டியதுதான். பிழை வருவது பெரும்பாலும் குழாயால். கண்ணாடியின் மேற்பரப்புத்தான் உறைதலைத் தூண்டுகிறது. சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல குருதிகூட உறையாமல் கிடக்கலாம். பத்தாம் நிமிடம் பொறுமை இழந்து ஆட்டிப் பார்ப்பது அடுத்த பிழை.

மருந்து ஏற்றத் தொடங்குமுன் 1:1000 அட்ரினலின் 0.5 மி.லீ. சிரிஞ்சில் தயாராக இருக்கவேண்டும், ஒவ்வாமை சில நிமிடத்திலேயே வரலாம். குருதி உறையாதவருக்கு வேறு எந்த ஊசியும் தசையில் போடுவதில்லை. சலத்தின் நிறமும் அளவும் மணிக்கு மணி குறிக்க வேண்டும், ஏனென்றால் இந்த விஷம் சிறுநீரகத்தையும் தாக்கும். இலங்கைப் புடையன் கண் இமையையும் தொங்க வைக்கும். “மேலே பாருங்கோ ஐயா” என்று கேட்பது அதற்காகத்தான். குருதி, சிறுநீரகம், நரம்பு: மூன்று அத்தியாயம் ஒரே கடியில்.

டெங்குவில் காய்ச்சல் விட்டதும் வீட்டார் ஆறுதலடைவார்கள், நமக்கோ வேலை அப்போதுதான் தொடங்கும். குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் கட்டம் 24 முதல் 48 மணி நேரம். பிரஷர் 100/80 என்றால் மேல் எண் நல்லாய்த்தான் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி 20 என்பதுதான் ஆபத்து. சலம் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 முதல் 1 மி.லீ. வரை போனால் போதும். 50 கிலோ ஆளுக்கு 25 முதல் 50. அதைவிட நிறையப் போகிறதே என்று சந்தோஷப்படக் கூடாது, சேலைன் கூடிவிட்டது என்று அர்த்தம். கசிவு நின்றதும் வெளியே போன திரவமெல்லாம் திரும்பி வரும், அப்போது நுரையீரல் நிரம்பும். காய்ச்சலுக்கு பரசிற்றமோல் மட்டும். டைக்ளோபெனக்கும் இபுபுரோபனும் வேண்டாம்.

நீரிழிவில் முதல் இடறல் அலகில். ஊரில் மி.கி./டெ.லீ., இங்கிலாந்திலும் கனடாவிலும் மிமோல்/லீற்றர்; பின்னதை 18ஆல் பெருக்கினால் முன்னது. சீனி 4 மிமோலுக்குக் கீழே போனால், விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்ப்பது. அட்டெனோலோல் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் குளிசை எடுப்பவருக்குச் சீனி இறங்கினாலும் நெஞ்சுப் படபடப்பு வராமல் போகலாம், வியர்வை வரும். அந்த வியர்வையைக் கவனியுங்கள்.

நீரிழிவில் குருதியில் கீற்றோன் அமிலம் ஏறிய நிலையில் இன்சுலின் தொடங்கினால் குருதியில் உள்ள பொட்டாசியம் கலங்களுக்குள் போய்விடும். அது லீற்றருக்கு 3.5 மிமோலுக்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகுதான் இன்சுலின். தொங்கும் பையில் பொட்டாசியத்தைக் குத்திச் சேர்ப்பது பெரும் தவறு. அது அடியில் தேங்கி, முதல் சில நிமிடத்தில் மொத்தமாய் உள்ளே போகும். பையைக் கழற்றி, சேர்த்து, பல தரம் தலைகீழாய்ப் புரட்டி, பிறகு மாட்டவேண்டும்.

எலும்பு முறிவில் சொல்ல ஒன்றே ஒன்று: மாவுக்கட்டு போட்ட காலில், மருந்துக்கும் அடங்காமல், விரலை நீட்டும்போது கூடும் வலி. தசைக்குள் அழுத்தம் ஏறிக் குருதி ஓட்டம் தடைபடுகிறது என்பதன் அடையாளம் அது. நாடி கிடைக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், நாடி கடைசியில்தான் மறையும்.

மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் இங்கிலாந்தின் நியூஸ்-2 அட்டவணையில் நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் இருந்தாலே மூன்று புள்ளி. விரல் கருவி நம் போன்ற கருமை நிறத் தோலில் ஒட்சிசனைக் கூட்டிக் காட்டலாம். நீலம் பாய்கிறதா என்று நகத்தை விட நாக்கிலும் உதட்டின் உள்ளேயும் பாருங்கள்.

மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். இன்று வெளிநாட்டு விடுதியில் நம் ஊர் அம்மா “களைக்குது பிள்ளை” என்றால், தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் சோர்வு என்று சொல்லிவிடக்கூடும். யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் மூச்சு வாங்குவது. “முட்டு” என்றால் ஆஸ்துமா இழுப்பு. மூச்சு வாங்குவது ஆஸ்துமாவாலா இதயத்தாலா என்று பிரிக்க, “படுத்தால் கூடுதோ அம்மா? இரவிலை எத்தினை தலையணை வைக்கிறனீங்கள்?” என்று கேளுங்கள். தலையணை கூடிக்கொண்டே வந்து, மாலையில் கால் வீங்கி, மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தால், இதய வைத்தியரை உடனே கூப்பிட வேண்டியதுதான்.