ஃபார்மட் கொடுக்கும் முன்னால்

ப்ராஜெக்ட் அறிக்கையைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த இரவு பென் டிரைவைத் திறந்தால், என் கோப்புகள் எதையும் காணோம். பென் டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஷார்ட்கட். கிளிக் செய்தேன். உள்ளே எல்லாம் வழக்கம்போல் இருந்தது, நிம்மதியாகப் படுத்துவிட்டேன். என் லேப்டாப்புக்குள் ஷார்ட்கட் வைரஸ் நுழைந்தது அந்தக் கிளிக்கில்தான்.

இரண்டு நாள் கழித்து வேறு பென் டிரைவிலும் இதே கோலம். அப்போதுதான் பயம் வந்தது. ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸைப் பார்த்தேன். டார்கெட் என்ற இடத்தில் ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்டை, அதாவது விண்டோஸில் ஓடும் ஒரு சிறு நிரலை, ஓட்டும் வரி இருந்தது. கிளிக் செய்ததும் அந்த ஸ்கிரிப்ட் தன்னைக் கணினியில் நகலெடுத்துவிட்டு, சந்தேகம் வராதபடி கோப்புகளையும் திறந்து காட்டும். ஷார்ட்கட் வைரஸ் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் வைரஸ் இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவுவது. இது தன்னைத்தானே நகலெடுத்துப் பென் டிரைவ் பென் டிரைவாகத் தாவும் வார்ம். முன்பெல்லாம் இப்படிப்பட்டவை, செருகினாலே ஆட்டோரன் என்ற, தானாக இயக்கும் வசதி வழியாக ஓடிவிடும். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் அப்டேட் மூலம் அந்த வழியை அடைத்தது. அதனால்தான் நம் கையாலேயே கிளிக் செய்யவைக்க இந்த வேஷம்.

கோப்புகள் அழியவில்லை. காலியாகத் தெரிந்த பென் டிரைவில் 6 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டியது. ஹிடன், சிஸ்டம் என்று இரண்டு அடையாளம் போட்டு அந்த வார்ம் அவற்றை மறைத்து வைத்திருந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில், இந்த அடையாளங்களை மாற்றும் அட்ரிப் கட்டளை கொடுத்து இரண்டையும் நீக்கினேன். எல்லாம் வந்தன. ஷார்ட்கட்டை அழித்தேன். சில நொடியில் மறுபடி முளைத்தது!

லேப்டாப்பைச் சுத்தம் செய்யாமல் பென் டிரைவைத் துடைத்துப் பயனில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்த ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருந்த டபிள்யூஸ்கிரிப்ட் என்ற விண்டோஸ் நிரலை நிறுத்தினேன். கணினி தொடங்கும்போதே தானாக ஓடுபவற்றின் ஸ்டார்ட்அப் பட்டியலில் அந்த ஸ்கிரிப்டை முடக்கி, ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் இருந்த அதன் நகலை அழித்தேன். அப்புறம் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே அது தேடுவதால் ஒளிந்துகொள்வது கடினம். அதன்பிறகு அட்ரிப் கொடுத்தபோது ஷார்ட்கட் திரும்பவில்லை.

கடைக்கார அண்ணனிடம் போய்ச் சொன்னேன். உடனே அந்தக் கணினியை அணைத்துவிட்டார். இடைப்பட்ட இரண்டு நாளில் என் லேப்டாப்பில் பென் டிரைவ் செருகிய மூன்று பேருக்கும் போன் செய்தேன். இரண்டு பேருடையது மீண்டது. மூன்றாவது தோழி, கோப்புகள் போய்விட்டன என்று நினைத்து அன்று காலையில்தான் ஃபார்மட் செய்திருந்தாள்.