மூன்று மணிக் குளிசை

பள்ளிக்கூட மலர் வெளியிடுகிற குழுவில் இருக்கிற என் வகுப்புக்காரன் போனில் பிடித்து, "உனக்குப் படிப்பிச்ச ஆசிரியர் ஒருவரைப் பற்றி எழுது, நாலு பக்கம் போதும்" என்றான். சரி என்று சொல்லிவிட்டு இரண்டு கிழமை யோசித்துப் பார்த்தேன். நான் எழுத விரும்புகிறவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கியவர் அல்ல, ஆஸ்பத்திரியில் வாங்கியவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு, இரவு வேலை பார்த்த கண்ணோடு எங்கள் கொட்டிலுக்கு வந்து முதலுதவி சொல்லித் தந்தவர் அவர்தான். எங்களுக்கு முன்னால் இதே பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்தவரும்கூட. ஆகவே இந்த மலரில் இடம் கேட்க அவருக்கு இரட்டை உரிமை உண்டு.

பெயரைப் போடாதே என்று அவரே சொல்லிவிட்டார். வன்னியில் வெள்ளை உடுப்புப் போட்ட எல்லா நேர்ஸ்மாரும் மிஸ்ஸிதான். எங்கள் வட்டாரத்தில் வெறுமனே மிஸ்ஸி என்றால் அது இவர் ஒருவரைத்தான் குறிக்கும். மற்றவர்களுக்குத்தான் அடையாளம் தேவைப்பட்டது: உயரமான மிஸ்ஸி, கிளினிக் மிஸ்ஸி, புது மிஸ்ஸி.

1996 ஆடியில் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் எழும்பினோம். ஆஸ்பத்திரி அக்கராயனுக்குப் போனது. நாங்கள் ஸ்கந்தபுரம் பக்கம் காடு வெட்டி, தறப்பாளும் கிடுகும் போட்டு இருந்தோம். பள்ளிக்கூடமும் எங்களோடு வந்து மரத்துக்குக் கீழே இருந்தது. மிஸ்ஸியின் கொட்டில் எங்களுடையதில் இருந்து நாலாவது. அவருடைய மகன் என் வகுப்பு, ஒரே வாங்கு. வாங்கு என்று சொல்வது பழக்க தோஷம். உண்மையில் ஒரே சாக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் நடந்த ஒரு வேலை எனக்கு இன்றைக்கும் வேடிக்கைதான். சோறு வடித்த கஞ்சியை ஒரு சட்டியில் ஆறவிட்டு, துணியில் வடித்து, அதில் மிஸ்ஸியின் தொப்பியைத் தோய்ப்பார்கள். சவர்க்காரம் தட்டுப்பாடான காலம். தலைக்கு வைக்கவே இல்லாதபோது உடுப்புக்கு எங்கே போவது? ஆனாலும் தொப்பிக்கென்று ஒரு துண்டு ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். காய்ந்த பிறகு சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டியால் மடிப்பு எடுப்பது மகனுடைய வேலை. ஒரு தணல் தெறித்து வெள்ளையில் பொட்டுப் போட்டால் அன்று முழுக்க அவனுக்குப் பேச்சு விழும். "புழுதிக்குள்ள இருந்துகொண்டு இந்தத் தொப்பிக்கு இவ்வளவு பாடோ மிஸ்ஸி?" என்று ஒருமுறை கேட்டேன். "தொப்பி கசங்கியிருந்தால் வருத்தக்காரன் பயப்பிடுவான். மிஸ்ஸிக்கே நிலைமை இதெண்டால் எனக்கு என்ன எண்டு யோசிப்பான்" என்றார்.

அவருடைய கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கமக்காரர். இரணைமடுத் தண்ணீர் பாய்கிற நாலு ஏக்கர் வயல் இடம்பெயர்வோடு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. வயலில்லாத கமக்காரன் என்ன செய்வது? சமைத்தார். மூன்று பிள்ளைகளுக்கும் தலை இழுத்தார், தண்ணீர் அள்ளினார், இரவு வேலை நாட்களில் மிஸ்ஸியைச் சைக்கிள் பாரில் இருத்தி அக்கராயனுக்கு மிதித்தார். சந்தியில் நிற்கிற ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். அவருக்கு அது காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். மிஸ்ஸியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மனிசனை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் தாதியர் பயிற்சி முடித்து வந்த ஒரு பெண் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலைக்குப் போனார் என்றால், வீட்டில் அடுப்பை யாரோ ஒருவர் மூட்டியிருக்க வேண்டும் அல்லவா?

இனி என் கதை. 1997 மார்கழி, மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். இருட்டுகிற நேரம் ஏழு மணியிருக்கும். விறகுக் குவியலுக்குப் பின்னால் காலை வைத்தேன். நெருப்புக் கொள்ளியால் சுட்டதுபோல் இருந்தது. அண்ணன் லாம்பைக் கொண்டுவந்து பார்த்தபோது புடையன் பாம்பு வளையம் வளையமாகச் சுருண்டு கிடந்தது, குக்கர் மூச்சு விடுவதுபோல் சீறிக்கொண்டு. பெரியப்பா முதலில் பரியாரியாரிடம் போவோம் என்றார். அம்மா அழத் தொடங்கிவிட்டா. அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் இருத்தினான்.

அன்றைக்கு இரவு வேலை மிஸ்ஸிக்கு.

முதல் கேள்வி, "எத்தின மணிக்குக் கடிச்சது?" இரண்டாவது, காலில் இறுக்கிக் கட்டியிருந்த சாரத்துண்டைக் காட்டி, "ஆர் இதைக் கட்டினது?" பெரியப்பா தலையைக் குனிந்தார். மிஸ்ஸி டொக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு என் கையில் இருந்து இரத்தம் எடுத்தார். கண்ணாடிக் குழாய்க்குத் தட்டுப்பாடு. ஊசி மருந்து வந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகளை அவர் எறிவதில்லை, வெறும் தண்ணீரில் அலசி அவித்துக் காயவைத்து ஒரு பிஸ்கட் ரின்னில் சேர்த்து வைத்திருப்பார். சவர்க்காரம் பட்ட குப்பி பொய் சொல்லும், இரத்தம் உறையாதது போல் காட்டிவிடும் என்று பிறகொரு வெள்ளிக்கிழமை வகுப்பில் சொன்னார். அந்தக் குப்பியில் கொஞ்ச இரத்தத்தை விட்டு, மேசையில் வைத்து, கையில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"இருபது நிமிசம். ஒருத்தரும் மேசையில முட்டக்கூடாது."

வார்டில் ஒரு அரிக்கன் லாம்பு. எட்டுப் பத்துப் பேர் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் பல் முரசில் இருந்து இரத்தம் கசிவதை நாக்கு உணர்ந்தது, உப்புக் கலந்த இரும்பு மாதிரி. இருபது நிமிடம் முடிந்ததும் மிஸ்ஸி குப்பியை எடுத்து லாம்புக்கு நேரே பிடித்து மெல்லச் சரித்தார். உறைந்திருந்தால் அசையாது. புடையன் விஷம் ஏறியிருந்தால் உறையாது. என்னுடையது தேநீர் போல ஓடியது.

டொக்டர் வந்து பார்த்து மருந்து எழுதினார். பாம்புக்கடி மருந்து இந்தியாவில் செய்வது. தூளாக வரும், தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். பத்துக் குப்பி. வவுனியாவில் இருந்து அனுமதி எடுத்து லொறியில் வர வேண்டிய காலத்தில் பத்துக் குப்பி என்பது சின்னக் கணக்கில்லை. நாமாக இருந்தால் அவசரத்தில் குலுக்கியிருப்போம். மிஸ்ஸி குலுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, கோயிலுக்குத் திரி உருட்டுவதுபோல் உருட்டினார். குலுக்கினால் நுரைக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தையும் அப்படியே. அவ்வளவு பதற்றத்துக்கு நடுவில் அந்தக் கைகள் மட்டும் வேறு ஏதோ ஊரில் இருந்தன. மருந்து ஏறத் தொடங்கும்போது ஒன்பதே கால். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது, நடுங்கியது. அதற்கும் ஊசி எடுத்து முன்கூட்டியே தட்டில் வைத்திருந்தார்.

பன்னிரண்டு மணிபோல் வாசலில் சைக்கிள் சத்தம். மாமா நின்றார். உள்ளே வரவில்லை. மிஸ்ஸி போய் இரண்டு நிமிடம் கதைத்துவிட்டுத் திரும்பி வந்து என் நாடியைப் பிடித்தார். நான் அரைமயக்கத்தில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு இரண்டாம் இரத்தக் குப்பி. மீண்டும் மணிக்கூட்டைக் கழற்றினார். இந்த முறை பார்க்க ஆட்கள் இல்லை. எல்லாரும் நிலத்தில் நித்திரை. மிஸ்ஸியும் நானும் குப்பியும் மட்டும். மூன்று இருபதுக்குச் சரித்தார். அசையவில்லை. "உறைஞ்சிட்டுது" என்றார், யாருக்கோ சொல்வதுபோல். அடுத்த நாள் பின்னேரம்வரைக்கும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மாற வர வேண்டிய நேர்ஸ் வந்து சேரவில்லை.

மாமா ஏன் வந்தார் என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். என் வகுப்புத் தோழனுக்கு, அவருடைய மகனுக்கு, அன்று மலேரியாக் குளிர்காய்ச்சல். அது அப்போது வன்னியில் புதினமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிடுகிடுக்க நடுங்காத வீடே இல்லை, குளோரோகுயின் கசப்பு எங்கள் எல்லாருக்கும் தாய்ப்பால் மாதிரிப் பழகியிருந்தது. ஆனால் அன்றிரவு அவனுக்கு 104 பாகை ஏறி அலட்டத் தொடங்கியிருக்கிறான். சின்ன வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளை. மாமா பயந்து ஓடி வந்தார். மிஸ்ஸி சொன்னது இவ்வளவுதான்: துணியை நனைத்துத் துடையுங்கோ, மூன்று மணிக்குப் பனடோலைக் குடுங்கோ. வேலைக்குப் போகும்போதே நாலு குளிசை பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு, ஒன்பது, மூன்று, ஒன்பது, மூன்று என்று மேலே எழுதியிருந்தாராம்.

தோழன் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "எங்கட அம்மாவை அண்டைக்கு நீ கொண்டு போட்டாய்." நானும் சிரித்தேன். பிறகு சில நாள் அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மிஸ்ஸியின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் இப்படி ஒவ்வொரு கணக்கு உண்டு. மூத்த மகளுடைய சாமத்தியச் சடங்கில் தாய் பாதியில் எழும்பிப் போனார். கடைசி மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று கூட்டிக்கொண்டு போனது மாமா. ஊர் அவரைத் தெய்வம் என்றது. வீட்டில் அவருடைய சாப்பாடு மூடிவைத்தபடியே ஆறிக்கொண்டிருந்தது. நினைவுக் கட்டுரைகளில் இப்படியானவர்களை வெள்ளைத் தேவதை என்று எழுதி முடித்துவிடுகிறோம். தேவதைக்குப் பிள்ளை குட்டி கிடையாது. மிஸ்ஸிக்கு மூன்று.

நான் 2001 இல் வெளிக்கிட்டுக் கனடா வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கேள்விதான். 2009 பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை, நான் அங்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி தர்மபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன் என்று நகர நகர அவரும் நகர்ந்தார். புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடந்தான் ஆஸ்பத்திரி. அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வசனம். "பிள்ளையளின்ர வாங்கு தம்பி, பெரிய ஆக்களைக் கிடத்த நீளம் காணாது." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

2017 இல் ஊருக்குப் போனேன். ஏ9 வீதி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு நேரே அவர்களுடைய வீட்டுக்குத்தான் போனேன். மிஸ்ஸி ஓய்வு பெற்று இரண்டு வருடம். மாமாவுக்குச் சலரோகம், கால் விரலில் ஆறாத புண். மிஸ்ஸி காலையும் மாலையும் கழுவிக் கட்டுகிறார். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். இலங்கையில் மலேரியா இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்ததைச் சொல்லி, "நாங்கள் குடிச்ச குளோரோகுயினுக்கு இப்ப வேலையில்லை மிஸ்ஸி" என்றேன். பேச்சு அப்படியே அந்த இரவுக்குப் போனது. என் காலை நீட்டச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தழும்பை அமத்திப் பார்த்தார்.

"உன்ர ரண்டாவது குப்பி மூண்டு மணிக்கு வச்சனான்" என்றார். "அந்த இருவது நிமிசமும் நான் குப்பியைப் பாக்கேல்ல. அவனுக்குக் குளிசை குடுத்தாரோ, நித்திரையாப் போனாரோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். வீட்ட போகேக்க நாலும் முடிஞ்சிருந்தது. ஆனா மூண்டு மணிக்குக் குடுத்ததோ எண்டு நான் கேக்கேல்ல. அந்த மனிசன் தனிய நிண்டு பாத்த இரவு. கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி இருக்கும்."

குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மாமாவின் குரல் வந்தது.

"மூண்டு மணிக்குக் குடுத்தனான்."

மிஸ்ஸி திரும்பிப் பார்த்தார். மாமா பிளேன்ரீயையும் பனங்கட்டித் துண்டுகளையும் தட்டில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றார்.

"ஒன்பது மணிக் குளிசைதான் அவனுக்குக் குடுக்கேல்ல. விடிய அவனுக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டிட்டுது. பக்கத்துக் கொட்டில் பிள்ளை நெருப்பாக் கொதிச்சுக்கொண்டு கிடந்தது. தாய் வந்து நிண்டு அழுதுது. அதுக்குக் குடுத்திட்டன். உம்மட்டச் சொன்னால் டொக்டரைக் கேளாமல் ஏன் குடுத்தனீங்கள் எண்டு பேசுவீர் எண்டு சொல்லேல்ல."

இருபது வருடத்துக் கதை. நான் பேசாமல் தட்டில் இருந்து ஒரு பனங்கட்டியை எடுத்தேன்.

மிஸ்ஸி மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "எத்தின வயசுப் பிள்ளை?"

"ஆறு, ஏழு இருக்கும்."

"முழுக் குளிசையோ குடுத்தனீங்கள்?"

"பாதி."

"மற்றப் பாதி?"

மாமா என்னைப் பார்த்து, "தம்பி, ஆற முதல் குடியும்" என்றார்.