கடைசிப் பேருந்தின் நேரத்தை மாற்றக் கேட்டோம்

சென்னையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குத் தெற்கே, அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நான் வசிக்கிறேன். வீடு இங்கே மாறிவிட்டாலும் பலருடைய பிழைப்பு இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் பெண்களில் பலர் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீட்டு வேலை செய்கிறார்கள். இளையவர்கள் தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார்கள். கடைசி வாடிக்கையாளர் போன பிறகு, பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கிவிட்டு அவர்கள் வெளியே வர இரவு பத்து மணியாகிவிடும். எங்கள் பகுதிக்கு நேராக வரும் கடைசிச் சாதாரணக் கட்டணப் பேருந்து அதற்கு முன்பே புறப்பட்டுவிடும். அந்த நேரத்தை மாற்றவைக்க நாங்கள் எடுத்த முயற்சி மற்ற பகுதியினருக்கும் உதவலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சாதாரணக் கட்டணம் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்வது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டுமே. அந்தப் பேருந்தைத் தவறவிட்டவர்கள் கிடைத்த வண்டியில் வேளச்சேரி வரை வந்து, அங்கே ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை நின்று, இரண்டு இடங்களில் பணம் கொடுத்து, பதினொன்றரை மணிக்கு மேல் வீடு சேர்வார்கள். இதற்கு அஞ்சி வேலையையே விட்டுவிட்ட பெண்கள் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறார்கள்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். 'கூடுதல் பேருந்து வேண்டும்' என்று எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தோம். 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணிலும் பதிவு செய்தோம். மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்ற பதில் விரைவாகவே வந்தது. அதன் பின், பேருந்தும் பணியாளர்களும் போதிய அளவில் இல்லாததால் கோரிக்கை பின்னர் பரிசீலிக்கப்படும் என்ற கடிதத்தோடு மனு முடித்துவைக்கப்பட்டது.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டியபோதுதான் இந்த வேலை சரியான திசைக்குத் திரும்பியது. "புது வண்டி கேட்டா கோப்பு மேல போயிடும்மா. ஓடுற வண்டிக்கு நேரத்தை மாத்திக் கேளுங்க, டெப்போவுலயே பேசலாம்" என்றார். பிறகு ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடு போட்டு விளக்கினார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஷெட்யூல், அதாவது அன்றைய ஓட்டத்துக்கான திட்டம் உண்டு. அதில் காலைப் பணிக்கு ஒரு ஜோடி, மாலைப் பணிக்கு ஒரு ஜோடி என்று ஓட்டுநரும் நடத்துநரும் இருப்பார்கள். புதிய வண்டி என்றால் இத்தனை பேரையும் புதிதாகத் தேட வேண்டும். ஆனால் மாலைப் பணியில் இருக்கும் வண்டி எப்படியும் கடைசி நடையை (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் ஒரு ஓட்டத்தை நடை என்பார்கள்) முடித்துப் பணிமனைக்குத் திரும்பியாக வேண்டும். ஏழரை மணிக்கு மேல் அதே தடத்தில் அடுத்தடுத்துப் போகும் நடைகளில் எது காலியாகப் போகிறது என்று கண்டுபிடித்தால், அந்த இடைவெளியைச் சற்றுக் கூட்டி, கடைசி நடையைப் பத்து மணிக்குப் பின்னால் தள்ளிவிடலாம். ஓட்டுநரின் பணி நேரம் நீளாதபடி, பணி தொடங்கும் நேரத்தையும் அதே அளவு தள்ளக் கேட்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். பணியாளர்களின் ஓய்வைப் பறித்து எங்களுக்கு வசதி தேடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எங்களுக்கும் அது முழுச் சம்மதம்.

எந்த நடை காலியாகப் போகிறது என்பதை அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாடினோம். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் பேருந்து விடவில்லை' என்பது போன்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தின் கீழ் பதில் கிடைக்காது. கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். எனவே, அந்தத் தடத்தின் கால அட்டவணை, ஒரு குறிப்பிட்ட மாதத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு நடையிலும் வழங்கப்பட்ட கட்டணப் பயணச்சீட்டுகள், கட்டணமில்லாப் பயணச்சீட்டுகள், ரத்தான நடைகள் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டோம். 30 நாட்களில் பதில் வராததால் 19(1) பிரிவின்படி முதல் மேல்முறையீடு செய்தோம். அதன் பிறகு நகல்கள் வந்தன. இரவு எட்டு மணிக்கு மேல் அடுத்தடுத்துப் புறப்பட்ட இரண்டு நடைகளில் பின்னால் போனதில் ஆட்கள் மிகக் குறைவாக இருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால், பேருந்து போன பிறகு நிற்பவர்களுக்கு எந்த ஆவணமும் இல்லை. அவர்களை நாங்களே கணக்கெடுத்தோம். நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு, ஒன்பதரையிலிருந்து பதினொரு மணி வரை நிறுத்தத்தில் நின்று, கால்மணி நேரத்துக்கு ஒரு வரி என்று நோட்டில் எழுதினோம்: எத்தனை பேர், எங்கே போகிறார்கள், எந்த வண்டியில் ஏறினார்கள். நிழற்குடையில் இருக்கை என்று இருந்தது மூன்று இரும்புக் குழாய்கள்தான். நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்த பெண்கள் அதில் உட்கார முடியாமல், பூட்டிய கடைப்படிகளில் சீருடைப் புடவையோடும் சாப்பாட்டுக் கூடையோடும் அமர்ந்திருந்தார்கள். முதல் நாள் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தவர்கள், விவரம் தெரிந்ததும், "அக்கா, பின்னாடி தெருவுல எங்க கடைப் புள்ளைங்க நிக்கிறாங்க, அவங்களையும் எழுதுங்க" என்று தாங்களாகவே வந்து சொன்னார்கள்.

பணிமனையின் கிளை மேலாளரைப் பார்க்கப் போனபோது கையில் ஒரே பக்கக் கடிதம்தான் இருந்தது. அவர்கள் தந்த நகலிலிருந்து ஒரு வரி, எங்கள் நோட்டிலிருந்து ஒரு வரி, கோரிக்கை ஒன்று: எட்டு மணிக்கு மேலான இரண்டாவது நடையை நிறுத்தி, பத்தேகாலுக்கு ஒரு சாதாரணக் கட்டண நடையை விடுங்கள். அவர் அட்டவணையை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த எட்டு மணி நடையை நம்பியிருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. முந்தைய நடை சிறிது நேரம் தள்ளிப் புறப்பட்டால் போதும் என்று அந்தப் பயணிகளிடமும் முன்பே பேசிவைத்திருந்ததால் பதில் சொல்ல முடிந்தது. சில வாரங்களில் சோதனை அடிப்படையில் நேரம் மாற்றப்பட்டது.

சோதனை என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள் ஏறவில்லை என்று கணக்குக் காட்டினால் நடை பழையபடி மாறிவிடும். எந்தக் கடையில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டியலிட்டு வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பினோம். நிழற்குடைத் தூணில் நேரத்தை எழுதி ஒட்டினோம். அதைவிட முக்கியமாக, இலவசம்தானே என்று சீட்டு வாங்காமல் இறங்கிவிட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டோம். கட்டணமில்லாச் சீட்டும் நடத்துநரின் கருவியில் பதிவாகிறது. அந்தப் பதிவு இல்லையென்றால், வண்டி நிறைய ஆட்கள் வந்தாலும் கணக்கில் காலி வண்டிதான்.

அந்த நடை இப்போதும் ஓடுகிறது. பணியாளர் குறையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சில நேரம் ரத்தாகிறது. அந்தத் தேதிகளை அதே நோட்டில் குறித்து, மாதக் கடைசியில் பணிமனைக்கு எழுதிக் கொடுக்கிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைகள் இன்னும் தாமதமாகத்தான் மூடும் என்பதால், அந்த நாட்களுக்கு மட்டும் பதினொன்றேகாலுக்கு ஒரு நடை வேண்டும் என்று இப்போதே கடிதம் கொடுத்து, நகலில் பெறப்பட்டதற்கான முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறோம்.