டைமண்ட் என்றால் ஹார்ட்

பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. "ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், ஜெர்பர். அவ்வளவுதானே? வாங்க, உட்காரலாம்" என்று பார்ட்னரோடு ஏல ஒப்பந்தங்களைக் கிளப் படியேறும்போதே பேசி முடித்துவிடுகிறவர்கள் ஒரு கட்சி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பத்திரப் பதிவு செய்யாத குறையாக உட்கார்ந்து பேசுகிறவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. போன வருடம் எனக்கு வாய்த்த பார்ட்னர் முதலாவது.

சார் பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சீட்டைக் கையில் பிடித்தவர். அவருடைய பழைய பார்ட்னர் மகனோடு இருக்க அமெரிக்கா போய்விட்டார். என் பார்ட்னருக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததில் சனிக்கிழமை சாயங்காலம் என்ற ஒன்றே காணாமல் போயிற்று. மிச்சமிருந்த எங்கள் இருவரையும் கிளப் செயலாளர் சேர்த்துவைத்தார். ஜாதகம் பார்க்கவில்லை.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி, ஆளுக்கு 13 சீட்டு. ஆட்டத்துக்கு முன்னால் ஏலம்: கிளப் (கிளாவர்), டைமண்ட், ஹார்ட், ஸ்பேட் என்ற நாலு சூட்டில் எது துருப்பு, ஆறுக்கு மேல் எத்தனை ட்ரிக் (சுற்று) ஜெயிப்போம் என்று. "எனக்கு நல்ல கை வந்திருக்கு சார்" என்று வாயைத் திறந்து சொல்லக் கூடாது. கண்ணடிக்கக் கூடாது, தொண்டையைக் கனைக்கக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. ஒன் கிளப்பிலிருந்து செவன் நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) வரை 35 ஏலம், கூடவே பாஸ், எதிராளி ஏலத்தின் மேல் பந்தயத்தை ஏற்றும் டபுள், அதற்குப் பதிலாக ரீடபுள். ஆக 38 சொல்தான் மொத்த பாஷையும். அதை வைத்துக்கொண்டு 13 சீட்டின் கதையையும் பார்ட்னருக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்கூட்டியே ஒரு அர்த்தம் பேசி வைத்துக்கொள்வார்கள். ஆனால் அதில் ரகசியம் கூடாது. எதிராளி கேட்டால் சொல்லிவிட வேண்டும்.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. இப்படி எண்ணினால் ஒரு கட்டில் மொத்தம் 40 பாயிண்ட். கை நாலு சூட்டிலும் பரவலாக இருக்கிறது, பாயிண்ட் இதிலிருந்து இதற்குள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் ஏலம்தான் ஒன் நோ டிரம்ப். இதிலிருந்து என்றால் எதிலிருந்து? முதல் சண்டை அங்கே.

"பதினாறுலேர்ந்து பதினெட்டு," என்றார் சார், அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து.

"இப்பல்லாம் பதினஞ்சு பதினேழுதானே சார்?"

"இப்பல்லாம்னா யாரு? கோரன் புஸ்தகத்துல 16–18னுதான் போட்டிருக்கு."

சார்ல்ஸ் கோரன் அப்படித்தான் எழுதினார், மறுக்க முடியாது. பேச்சை வேறு பக்கம் திருப்பலாம் என்று, இங்கிலாந்தில் ஏக்கால் முறை ஆடுகிறவர்கள் 12–14க்கே ஒன் நோ டிரம்ப் சொல்லிவிடுகிறார்கள் என்றேன். சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பன்னண்டு பாயிண்டுக்கா? வீட்டுல சொல்லிட்டுத்தான் ஆட வர்றாங்களா அவங்க?"

அந்த ஒரு பாயிண்டுக்காக இரண்டு டம்ளர் காபி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் 15–17க்கு இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. "பதினஞ்சுன்னா நல்ல பதினஞ்சா இருக்கணும்."

"நல்ல பதினஞ்சுன்னா எப்படி சார்?"

"பதினாறு மாதிரி இருக்கணும்."

எழுதிக்கொண்டேன்.

ஸ்டேமன் இவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. பார்ட்னரின் ஒன் நோ டிரம்புக்கு நாம் டூ கிளப் சொன்னால், கிளப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். "ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ நாலு சீட்டு வச்சிருக்கீங்களா?" என்று விசாரிக்கிறோம். இதை யோசித்தவர் ஜார்ஜ் ரபே. அதை 1945இல் பத்திரிகையில் கட்டுரையாக எழுதியவர் அவருடைய பார்ட்னர் சாம் ஸ்டேமன். பெயர், எழுதினவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தக் கதையைச் சொன்னதும் சார் என் நோட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். "அதான் பார்த்தேன், நீ எதுக்கு இவ்வளவு மும்முரமா எழுதறேன்னு."

ஹார்ட்டும் ஸ்பேடும் நாலு நாலாக இருந்தால் எதை முதலில் சொல்வது என்பதில் அவர் ஸ்பேட், நான் ஹார்ட். சுண்டிப் போட்டுப் பார்த்தோம். ஹார்ட் ஜெயித்தது.

பிறகு டிரான்ஸ்ஃபர். இதில்தான் விஷயம் இருக்கிறது. ஜெயித்த ஏலத்தின் சூட்டை ஜோடியில் முதலில் சொன்னவர்தான் ஆடுவார், அவருடைய பார்ட்னர் கையை மேஜையில் விரித்துவிட்டுச் சும்மா இருப்பார். நோ டிரம்ப் சொன்னவர் கை பலமான கை. அது மறைவாக இருந்து, பாப்பர் கை மேஜையில் விரிந்தால் நமக்கு லாபம். அதனால் ஹார்ட் அஞ்சு சீட்டு வைத்திருக்கிறவர் நேராக ஹார்ட் சொல்லாமல் டூ டைமண்ட் சொல்வார். நோ டிரம்ப் சொன்னவர் சமர்த்தாக டூ ஹார்ட் சொல்லி ஆட்டத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். ஸ்பேட் இருந்தால் டூ ஹார்ட் சொல்ல வேண்டும், அவர் டூ ஸ்பேட் சொல்வார். அமெரிக்காவில் 1956இல் இதைப் பரப்பியவர் ஆஸ்வால்ட் ஜாகோபி. அதற்கு முன்பே ஸ்வீடனில் ஓலே வில்னர் எழுதிவிட்டார். இருவருக்கும் நல்ல மனசுதான். ஆனால் டூ டைமண்டைக் கேட்டுவிட்டு "அடடா, பார்ட்னர்கிட்ட டைமண்ட் இருக்கு போல" என்று பாஸ் சொன்னவர்களை ஒரே இடத்தில் கூட்டினால் சேப்பாக்கம் மைதானம் கொள்ளாது.

சாரின் மனைவி, மாமி, காபி டம்ளரை எடுக்க வந்தவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "டைமண்ட் சொன்னா ஹார்ட்டா? இது என்ன அதிசயம். காபி வேணும்னா இவர் பேப்பர் வந்துடுச்சான்னுதான் கேட்பார். முப்பத்தஞ்சு வருஷமா நான் காபிதானே கொண்டு வர்றேன்!" போகிறபோக்கில், "டிரான்ஸ்ஃபர் எல்லாம் சர்வீஸ்ல வாங்கினது போதாதாமா?" என்று ஒன்று.

மறுபடி நோட்டைத் திருப்பினேன். "நாம நோ டிரம்ப் சொன்னதும் எதிராளி டபுள் சொல்லிட்டா என்ன சார் பண்றது?"

அந்த நேரம் பார்த்து அவருக்கு பெங்களூரிலிருந்து பேத்தியின் வீடியோ கால். போனைத் தூக்கிக்கொண்டு வெளிச்சமுள்ள ஜன்னல் பக்கம் போனவர், திரும்பிப் பார்க்காமலே, "அதெல்லாம் வழக்கம் போலதான்," என்றார்.

'டபுள்: வழக்கம் போல' என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

சனிக்கிழமை வந்தது. எங்களுக்கு எதிரே அன்று ஒரு மாமா மாமி. டி.நகர் மாமி என்று சொன்னால் கிளப்பில் எல்லோரும் மூட்டு வலியைக்கூட மறந்து நிமிர்ந்து உட்காருவார்கள். சார் ஒன் நோ டிரம்ப் வைத்தார். மாமி டபுள். என் கையைப் பார்த்தேன். அஞ்சு ஹார்ட், அதில் ஒரு ஜாக்கி, அதோடு என் சொத்து முடிந்தது. மற்றதெல்லாம் எட்டு, ஒன்பது, இரண்டு, மூன்று. இந்தக் கையோடு நோ டிரம்பை டபுளில் விட்டால் சாரைத் தெருவில் நிறுத்திய பாவம் வரும். ஹார்ட்டுக்குப் போய்விடலாம் என்று டூ டைமண்ட் வைத்தேன். மாமா பாஸ்.

சார் பாஸ்.

மாமி தன் கையைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். "இந்த டூ டைமண்ட் என்னது?"

"டைமண்ட்தான்," என்றார் சார், அணைக்கட்டுக்கு அஸ்திவாரம் சரி என்று கையெழுத்துப் போட்ட அதே குரலில்.

இந்த இடத்தில் நான் முகத்தைச் சுளிக்கக்கூட விதியில் இடமில்லை. உச்சியில் ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி பாஸ். ஏலம் முடிந்தது. முதல் சீட்டு விழுவதற்குள் பார்ட்னர் சொன்ன விளக்கம் தப்பாக இருந்தால் சொல்லிவிட வேண்டியது என் கடமை, ஆகவே நடுவரான டைரக்டரைக் கூப்பிட்டேன். "எங்க ஒப்பந்தம் என்னன்னா..." என்று ஆரம்பித்து நோட்டைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "டபுள், வழக்கம் போல." என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "யாரு வழக்கம்?"

சார் என்னைக் கை காட்டினார். நான் சாரைக் கை காட்டினேன்.

டைரக்டர் மாமியிடம், விளக்கத்தில் குழப்பம் இருப்பதால் கடைசி பாஸை மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்றார். "எதுக்கு சார் பாவம், பாஸே இருக்கட்டும்," என்றார் மாமி. என்ன கருணை என்று நினைத்தேன்.

மேஜையில் சாரின் கை விரிந்தது. ஹார்ட் ராஜா, ராணி, கூட இரண்டு சீட்டு! ஒன்பது ஹார்ட் எங்களிடம் கும்மாளமிட, டைமண்டைத் துருப்பாக வைத்து ஆட வேண்டிய தலையெழுத்து. டைமண்டில் அவரிடம் இரண்டே சீட்டு, ஏஸும் மூன்றும். என்னிடம் எட்டு, அஞ்சு, இரண்டு. மாமாவும் மாமியும் ஆளுக்கு நாலு டைமண்டை வைத்துக்கொண்டு மாறி மாறித் துருப்பைப் பிடுங்கினார்கள். எட்டு ட்ரிக் எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தது அஞ்சு. மூணு டவுன், 150 நஷ்டம். டூ ஹார்ட் ஆடியிருந்தால் எட்டும் வந்து எங்கள் பக்கம் 110 ஏறியிருக்கும்.

"மாமி, அவ்வளவு டைமண்டை வச்சுக்கிட்டு ஏன் டபுள் பண்ணலை?" என்று கேட்டேன்.

"பண்ணியிருந்தா நீ டூ ஹார்ட்டுக்கு ஓடிப் போயிருப்பியே," என்றார், சீட்டை போர்டில் செருகிக்கொண்டே. இரக்கத்தையும் பிரிட்ஜையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

டபுள் விழுந்துவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் ரத்து, சொன்னதே அர்த்தம் என்பது சாரின் வழக்கம். டபுள் விழுந்தாலும் ஸ்டேமனும் டிரான்ஸ்ஃபரும் அப்படியே ஓடும் என்பது என் வழக்கம். இரண்டுக்கும் உலகத்தில் ஆதரவாளர்கள் உண்டு. அன்று இரவு பத்தரைக்கு சார் போன் செய்தார். "தம்பி, தூங்கிட்டியா? நான் நல்லா யோசிச்சுப் பார்த்தேன். தப்பு உன்மேலதான்." ஒரு நிமிஷம் கழித்து சார் வீட்டு மாமியின் குரல், "அவனைத் தூங்க விடுங்க." ஆனால் அந்த போர்டில் (அதே சீட்டுகளை மற்ற மேஜைகளிலும் ஆடுவார்கள்) நாங்கள் கடைசி இல்லை என்பதையும் சார்தான் சொன்னார். பல வருடமாகச் சேர்ந்தே ஆடும் ஒரு கணவன் மனைவி இதே சீட்டில் ஃபோர் ஹார்ட் வரை ஏறி, டபுள் வாங்கி, இரண்டு டவுன் போய், 300 கொடுத்துவிட்டு, காரில் பேசாமல் போனார்களாம். சாருக்கு அதில் ஒரு நிம்மதி. எனக்கும்.

பிறகு நோட்டு வளரத் தொடங்கியது. டபுளுக்குப் பிறகும் டிரான்ஸ்ஃபர் உண்டு என்று நான் ஜெயித்தேன். பதிலுக்கு, ஒன் நோ டிரம்புக்கு மேல் ஃபோர் நோ டிரம்ப் சொன்னால் அது பிளாக்வுட் மாதிரி ஏஸ் எண்ணுவது இல்லை, ஸ்லாமுக்கு (12 அல்லது 13 ட்ரிக்) அழைப்பு மட்டும்தான் என்று நான் சொன்னதை அவர் மூன்று நாள் ஒத்துக்கொள்ளவில்லை. ஏஸ் எண்ணத்தான் ஜெர்பர் ஃபோர் கிளப் இருக்கிறதே என்றதற்கு, "ரெண்டு வழி இருந்தா என்ன, வீட்டுக்குப் பின்வாசல் வைக்கறதில்லையா?" என்றார். எதிராளி நடுவில் புகுந்து டூ ஹார்ட் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு லெபன்சோல் என்று ஒரு ஏற்பாடு. கென் லெபன்சோல்டு என்பவர் பெயரால் வழங்குவது. அவரோ எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டார். ஆளும் கைவிட்டு, பெயரில் எழுத்தும் தேய்ந்து போன ஏற்பாடு. சாருக்கு அதை மிகவும் பிடித்துவிட்டது. "பெத்தவனே வேண்டாம்னுட்டான், நாமளாவது ஆடுவோம்" என்று இரண்டு பக்கம் ஒதுக்கச் சொன்னார்.

வீட்டில் என் மனைவி அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்துக்கு இதுல கால்வாசிகூடப் பேசலையே" என்றாள்.

"ஜகார்த்தாவுல ஞாபகம் இருக்கா?" என்பார் சார், நான் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம். 2018 ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியதைச் சொல்கிறார். பர்தனுக்கு அப்போது வயது 60. "எனக்கு எழுபத்தொண்ணு. இன்னும் கொஞ்சம் நோட்டு எழுதணும், அவ்வளவுதான்."

போன வாரம் இரண்டு காலேஜ் பையன்கள் எங்கள் மேஜைக்கு வந்தார்கள். நோட்டின் நகல் ஒன்றை சார் பெருமையோடு அவர்கள் பக்கம் நகர்த்திவைத்தார். நான் ஒன் நோ டிரம்ப் வைத்தேன். முதல் பையன் டபுள். சார் முகத்தில் தெளிவு. டபுளா, அதுதான் பேசியாயிற்றே! இருந்தாலும் கேட்டுவைத்தார். "என்னப்பா இது, பலமான கைதானே?"

"இல்ல அங்கிள்," என்றான் மற்றவன். "ஏதோ ஒரு சூட் மட்டும் நீளமா இருக்குன்னு அர்த்தம். எந்த சூட்னு எனக்கே இன்னும் தெரியாது."

சாரின் கை மெதுவாகத் தோள்பைக்குள் இறங்கி நோட்டைத் தேடியது. பக்கத்து மேஜையிலிருந்த டைரக்டர் குரல் கொடுத்தார். "சார், சொந்தக் குறிப்பை ஏலத்துக்கு நடுவுல பார்க்கக் கூடாது. எதிராளி வேணும்னா உங்களதைப் பார்க்கலாம்."

சார் பையை மூடினார். கொஞ்சம் யோசித்தார். அந்தப் பையன் பக்கம் குனிந்தார்.

"தம்பி, உன் முன்னாடி இருக்கறதுல ஏழாம் பக்கம் திருப்பு. டபுள்னா நாங்க என்ன போட்டிருக்கோம்?"

பையன் நிஜமாகவே திருப்பினான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஒன்பதாம் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தான்.

"அங்கிள், ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருக்கு. எதைச் சொல்லட்டும்?"