வாளுக்கு முன்னால் துப்பாக்கி

நேற்று ராத்திரி ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ மறுபடி பார்த்தேன். 1954-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், 207 நிமிடம் ஓடுகிறது. எனக்கு ஒரு நிமிடம்கூட நீளமாகத் தெரியவில்லை.

கொள்ளைக்காரர்களிடமிருந்து ஒரு கிராமத்தைக் காப்பாற்ற ஏழு சாமுராய்கள், அதாவது ஜப்பானிய வாள்வீரர்கள், வருகிறார்கள். கொள்ளைக்காரர்கள் மொத்தம் நாற்பது பேர். சாமுராய்களின் தலைவர் கம்பெய் ஒரு தாளில் வட்டங்கள் போட்டு, ஒருவன் விழ விழ ஒன்றை அடிக்கிறார். அதனால் சண்டை எவ்வளவு குழம்பினாலும் இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று நமக்கும் தெரிகிறது. இப்போது வரும் சண்டைப் படங்களில் எனக்குக் கிடைக்காதது இந்தத் தெளிவுதான்.

அந்த ஏழு பேரில் எனக்குப் பிடித்தவர் கியூசோ. அதிகம் பேசமாட்டார். இருட்டில் தனியாகப் போய், விடியும்போது எதிரியின் துப்பாக்கி ஒன்றோடு திரும்புவார். அப்புறம் தூங்கப் போய்விடுவார், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட வாள்வீரன் கடைசியில் மழையிலும் சேற்றிலும் குண்டு பட்டுச் சாகிறான். அவன் மட்டுமல்ல, இறக்கும் நான்கு சாமுராய்களுமே குண்டடி பட்டுத்தான் விழுகிறார்கள்; வாளால் அவர்களை யாரும் ஜெயிக்கவில்லை. எத்தனை வருடப் பயிற்சி, ஒரு விரல் அசைவில் முடிந்துபோகிறது! கோபம் கோபமாக வந்தது.

அந்தக் கடைசிச் சண்டையைக் குரோசாவா ஒரே சமயத்தில் பல கேமராக்கள் வைத்து எடுத்தார். குதிரை வழுக்குவதும் ஆள் சேற்றில் புரள்வதும் அவ்வளவு நிஜமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பார்க்காதவர்கள் வெட்டிச் சுருக்கிய பிரதியை விட்டுவிட்டு முழுப் படத்தையே பாருங்கள்.