குடும்பிமலையும் மாமாவின் மாட்டுக்குறியும்

"அங்க என்னத்தப் பாக்கப் போறாய் மனே, கல்லும் காடும்தானே" என்றார் மாமா. சொல்லிவிட்டு மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கே சேட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். 2007 மார்ச்சில் அந்தக் காட்டை விட்டு வெளிக்கிட்டவர். பதினெட்டு வருசம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. போன ஜூலையில் மோட்டார் சைக்கிளில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் மட்டக்களப்புக் காட்டுக்குள் இருக்கிற குடும்பிமலைக்குப் புறப்பட்டேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே போகிறவருக்குப் போர் மலையடியில்தான் எதிர்ப்படும் என்றில்லை. சத்துருக்கொண்டானில் 1990 செப்டம்பர் 9ஆம் தேதி கூட்டிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுத்தூபி வீதியோரத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஏறாவூர். அங்கே அதே ஆண்டு ஆகஸ்டில், ஓர் இரவில், முஸ்லிம் குடும்பங்கள் வீடுகளுக்குள்ளேயே வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. தமிழ்ச்சனம் கொல்லப்பட்ட இடத்தில் இறங்கி நின்று கும்பிடுகிற நாங்கள், ஏறாவூரைக் கடக்கும்போது வேகத்தைக் கூட்டிவிடுகிறோம். அன்று நான் கூட்டவில்லை. மாமாவும் ஒன்றும் பேசவில்லை.

செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையைக் கேட்டுப் பாற்பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் போராட்டம் தொடங்கியது இந்தச் சித்தாண்டியில்தான். மாமா அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கிரான் சந்தியில் மேற்கே திரும்பினோம். மாரியில் இந்தப் பாதையை வெள்ளம் மூடிவிடும், வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைச் சனத்துக்கு அப்போது வள்ளமே கதி. இப்போது கோடை, தூசுதான். புலிபாய்ந்தகல்லில் தேத்தண்ணி குடித்தோம். அதற்கப்பால் பாலை மரங்கள் பழுத்துக் கிடந்தன. மாமா இறங்கிப் போய் ஒரு கைப்பிடி பாலைப்பழம் பொறுக்கி வந்து தந்தார். உதடு பிசுபிசுத்தது. "இதுதான் அப்ப காலைச்சாப்பாடு" என்றார்.

வளைவொன்று திரும்பியதும் மலை தெரிந்தது. தட்டையான காட்டுக்கு நடுவே தனியாக எழும்பி நிற்கிற கற்பாறை. முடிந்துவிட்ட குடும்பி போல இருக்கிறதென்று நமது ஆட்கள் குடும்பிமலை என்றார்கள். சிங்களத்தில் தொப்பிகல, தொப்பிக்கல். வெள்ளைக்காரன் தன் வரைபடத்தில் 'பாரன்ஸ் கேப்', பிரபுவின் தொப்பி என்று எழுதினான். பார்த்த எல்லோருக்கும் அது ஒரு தலையாகத்தான் தெரிந்திருக்கிறது.

2007 ஜனவரியில் வாகரை புலிகளிடமிருந்து இராணுவத்தின் கைக்கு வந்தது. மார்ச்சில் படுவான்கரை மீது ஷெல்லும் மல்டிபரல் ரொக்கெட்டும் பொழிந்தன. ஜூலை 11ஆம் தேதி குடும்பிமலை பிடிபட்டது. கிழக்கு முழுவதும் விடுவிக்கப்பட்டது என்று அரசாங்கம் அறிவித்து, அடுத்த வாரமே கொழும்பில் பெருவிழா எடுத்தது. அந்த மாதங்களில் இந்த மாவட்டத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்து கூடாரங்களிலும் பாடசாலைகளிலும் கிடந்தார்கள். மலையடியில் இராணுவம் நிறுவிய நினைவுச்சின்னம் இருக்கிறது. வெற்றியைச் சொல்கிறது. அதன் முன்னே ஒரு குடும்பம் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தது. அங்கே செத்த சிப்பாய்க்கும் ஒரு தாய் இருப்பாள், அவள் வந்து அழ ஒரு கல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மற்றப் பக்கத்தில் செத்த பிள்ளைகளின் தாய்மாருக்குக் கல்லும் இல்லை, இன்ன இடம் என்றும் இல்லை. அது எனக்கு நெஞ்சைப் பிசைகிறது.

அதைவிடப் பிசைவது 2004. மார்ச்சில் புலிகள் இயக்கம் வன்னி, மட்டக்களப்பு என்று பிளந்தது. ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் ஒரே சீருடை போட்டவர்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள். அதன்பின், இயக்கத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைத் தேடித் திரும்பவும் பிடித்துப்போக ஆள் வந்தது. எங்கள் அயலில் ஒரு தாய் தன் மகளை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்ததை நான் சின்னப் பையனாகக் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தது. போரைப் பற்றி யார் என்ன பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைகள்தான்.

மலையில் ஏறவில்லை. மாமாவின் முழங்கால் விடவில்லை, அவருக்கு ஏற மனமும் இல்லை. தன் மாட்டுப்பட்டி நின்ற இடத்தைக் காட்டத்தான் வந்திருக்கிறார். ஒற்றையடிப் பாதையில் அரை மணித்தியாலம் நடந்தோம். நெடுகக் காய்ந்த யானை லத்தி. ஓரிடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். பற்றைக்காடு. பட்டிக் கட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. பங்கர் வெட்டின பள்ளம் மட்டும் மண் சரிந்து, நடுவில் ஒரு புற்றோடு கிடந்தது.

"எண்பத்திமூணு மாடு மனே. செல் விழக்குள்ள கட்டிக்கிடந்த கண்டுகளை அவிழ்த்து விட்டன். அதுகள் போகல்ல. எனக்குப் பின்னால வருகுதுகள். கல்லால எறிஞ்சு கலைச்சிப்போட்டுத்தான் வந்தன்."

இதை அவர் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. முகாமில் இருந்த காலத்தில் இரவில் ஏதோ முணுமுணுப்பார், தேவாரம் என்று நினைத்திருந்தோம். மாடுகளின் பெயர்களாம்.

திரும்பி வரும் வழியில் ஒரு வாடி, மாடு பார்க்கிறவர்கள் தங்குகிற குடிசை. பட்டி பார்க்கிற பொடியன் பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் பாயை உதறிப் போட்டான். மாமா ஒரு சுள்ளியை எடுத்துத் தூசியில் கோடு கீறினார். ஒரு வட்டம், அதன் கீழே ஒரு கால், காலில் ஒரு வளைவு. அவருடைய அப்பா காலத்திலிருந்து சுட்ட குறி.

"இந்தக் குறியில மாடு கண்டிரிக்கியா மகன்?"

பொடியன் குனிந்து நன்றாகப் பார்த்தான். "காணல்ல அப்பு."

"உனக்கு எத்தின வயசு?"

"பதினெட்டு."

மாமா கோட்டை அழிக்கவில்லை. பொடியன் இரண்டு கோப்பையில் பால் ஊற்றிச் சீனி போட்டுக் கொண்டுவந்தான், அந்தக் கீறலில் கால் படாமல் சுற்றி வந்து தந்தான். பொழுது சாயுமுன் யானை இறங்கிவிடும், குடித்துவிட்டு வெளிக்கிடுங்கள் என்றான்.