உறையில் ஒட்டிப்போன வெள்ளி ரூபாய்கள்: பிரித்து, அலசி, மாற்றி வைத்தது

எடுத்துக்கொண்டது பழைய ஆல்பத்தின் இரண்டு தாள்கள், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து 14 ரூபாய்க் காசுகள். 1901 விக்டோரியா ஒன்று, 1907 எட்வர்டு இரண்டு, 1912 முதல் 1919 வரையான ஐந்தாம் ஜார்ஜ் ஆறு, 1942, 1944 ஆண்டுகளின் ஆறாம் ஜார்ஜ் ஐந்து. அச்சான நாளில் எல்லாமே 11.66 கிராம், சுமார் 30.5 மில்லிமீட்டர் விட்டம். பார்க்க ஒரே இனம். ஆனால் முதல் ஒன்பதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் வந்தவற்றில் வெள்ளி பாதிதான், 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். ஒரே ஆல்பத்தில் இருந்தும் ஒன்பதில் அங்கங்கே லேசான பிசுக்கு, ஐந்தில் பாசி பிடித்த மாதிரி பச்சை. காரணம் அந்தச் செம்புதான்.

குற்றவாளி பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறை. மென்மையாக இருப்பதற்காக அதில் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் வருடக்கணக்கில் கசிந்து காசில் படிகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செம்பைத் தின்கிறது. புது மழைக்கோட்டு வாடை அடித்தாலே சந்தேகப்படலாம். உறுதி செய்ய: செம்புக் கம்பியை நெருப்பில் பழுக்கக் காட்டி, உறையில் ஒரு தொடு தொட்டு, மறுபடி நெருப்பில் பிடித்தால் சுடர் பச்சையாக எரியும். உறையில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். வாசலில் வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. பிசுக்கைக் கரைக்கும் அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும் திரவம், அதன் பாட்டிலைத் திறக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பிரிப்பதில்தான் நிறையக் காசுகள் கெடுகின்றன. ஒட்டிய காசை உறையின் வாய் வழியாகத் தள்ளினால் முகம் தேய்ந்துகொண்டே வெளியே வரும். காசைத் தொடாமல் மூன்று பக்கமும் கத்தரியால் வெட்டி, புத்தகம் திறப்பதுபோல உறையை மடக்கி எடுத்தோம். கீழே நாலாக மடித்த துண்டு. விரல் விளிம்பில் மட்டும். உறையோடு சேர்த்து அசிட்டோனில் போடும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம், பிளாஸ்டிக் ஊதிக் குழைந்து இன்னும் மோசமாக அப்பிக்கொள்ளும்.

அசிட்டோன் ரசாயனக் கடையில் வாங்கிய சுத்தமானது, 500 மில்லி. நெயில் பாலிஷ் ரிமூவரில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பெயிண்ட் கடைத் தின்னர் வேறு சரக்கு. மூன்று கண்ணாடிக் கிண்ணம், மூட மூன்று கண்ணாடித் தட்டு. ஊறுகாய் பாட்டில் மூடியால் மூடாதீர்கள், அதன் உள்வளையமே பெரும்பாலும் பி.வி.சி.தான்! ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

ஒவ்வொரு காசும் தனியாக, முதல் கிண்ணத்தில் 10 நிமிடம், இரண்டாவதில் 5, மூன்றாவதில் ஒரு முக்கு. மூன்றாவது கிண்ணம் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். அழுக்கேறிய அசிட்டோன் காய்ந்தால், கரைந்த பிசுக்கு மெல்லிய படலமாகக் காசிலேயே திரும்ப உட்கார்ந்துவிடும். துடைக்கவே கூடாது. மரக்குச்சியில் சுற்றிய பஞ்சை நனைத்து, அழுத்தாமல் உருட்டினால் போதும்.

1912 ரூபாய் ஒன்றில் சின்ன வேடிக்கை. பின்பக்கம் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே புள்ளி இருந்தால் அச்சானது பம்பாய் நாணயச்சாலையில், இல்லையென்றால் கல்கத்தாவில். பத்து மடங்கு லென்ஸில் புள்ளி தெரிந்தது. அலசியதும் காணோம். பச்சைப் பிசுக்குத்தான் அத்தனை நாளும் பம்பாயாக நின்றிருக்கிறது.

ஆறாம் ஜார்ஜ் காசுகளின் விளிம்பில், கள்ளக் காசைத் தடுக்க வெட்டிய ஒரு பள்ளம் சுற்றி ஓடும். பிசுக்கு அதற்குள் போய் இறுகியிருந்தது. இந்த ஐந்தும் ராத்திரி முழுக்க மூடிய கிண்ணத்தில் ஊறின. காலையில் நனைத்த மூங்கில் பல்குச்சியால் பள்ளத்தோடு இழுத்ததும் பச்சை நார் நாராக வந்தது. அடியில் அமிலம் தின்ற குழிகள் அப்படியே இருக்கின்றன. அதற்கு மருந்து இல்லை.

அசிட்டோன் பறக்கும்போது காசு சில்லிட்டுப்போகும். ஈரக் காற்றில் உடனே பனி படியும். அதனால் வெயில் நேரத்தில் செய்து, அப்படியே விட்டு, பனி மறைந்து கால் மணி கழித்துத்தான் உறையில் போட்டோம். ஹேர் டிரையர் காட்டினால் ஆவி தீப்பிடிக்கலாம்.

காசின் மேல் உள்ள கறுப்பு போகவில்லையே என்று கேட்பார்கள். அது பிசுக்கு அல்ல, கந்தகம் பட்டு வெள்ளி மேலேயே உருவான படலம். அசிட்டோன் அதைத் தொடாது, நாமும் தொட வேண்டாம். திருநீறு, புளி, பற்பசை எல்லாம் குத்துவிளக்குக்குச் சரி. காசில் திருநீறு தேய்த்தால் மயிரிழைக் கீறல், விலை பாதாளத்துக்குப் போகும்.

புது உறை: மைலார் (பி.வி.சி. அல்லாத தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஜன்னல் வைத்த இரண்டு அங்குல அட்டை. ஜன்னல் அமெரிக்க அரை டாலர் காசின் அளவில் கேட்டு வாங்குங்கள், நம் ரூபாய் கச்சிதமாக உட்காரும். மைலாரில் ஒட்டியிருக்கும் அட்டைத் தூளை ஊதுகுமிழால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி பிற்பாடு கறையாகும். நான்கு பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடித்து, பின்பக்கம் வரும் அதன் கால்களைக் குறட்டால் நசுக்கி விடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து உறையைக் கிழிக்கும். பிறகு எப்போதாவது பிரிக்கும்போது நான்கு பின்னையும் எடுத்த பிறகே அட்டையைத் திறக்க வேண்டும். ஒரு பின் மிச்சமிருக்கையில் காசை உருவினால் மன்னர் கன்னத்தில் நீளக் கோடு விழும்.

வைத்தது காற்றுப் புகாத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவில், இரும்பு பீரோவுக்குள். கூடவே ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு சிலிகா ஜெல் 50 கிராம். ஈரம் ஏறிப் பச்சையானதும் 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளித் துணி உள்ளே கிடையாது, மூன்றிலும் கந்தகம்.

மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்ததில் 13 காசுகளில் மாற்றமில்லை. ஒரு 1944-இன் விளிம்புப் பள்ளத்தில் மட்டும் மறுபடி பச்சைப் புள்ளி. அது திரும்பவும் கிண்ணத்தில் ஊறுகிறது.